பயோகேஸிலிருந்து விமான எரிபொருள்: ஆலை முரண்டு பிடித்தால் எங்கிருந்து தேடுவது

இது ஒரு குறிப்பிட்ட வகை ஆலைக்கான குறிப்பு. பயோகேஸைச் சுத்தம் செய்து, அதிலுள்ள மெத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் நீராவியோடு சேர்த்து நிக்கல் ரிஃபார்மரில் சின்கேஸாக்குவது (ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயு). அதைக் கம்ப்ரஸர் வழியாகக் கோபால்ட் போட்ட ஃபிஷர்-டிராப்ஷ் ரியாக்டருக்கு அனுப்புவது. அங்கே சின்கேஸ் மெழுகாகும். அந்த மெழுகை ஹைட்ரோகிராக்கரில் ஹைட்ரஜனோடு சேர்த்து உடைத்து, ஜெட் எரிபொருளுக்கான பகுதியைப் பிரித்தெடுப்பது. வேதியியல் பாடம் நடத்தப் போவதில்லை. என்ன தெரிகிறது, எங்கே பார்ப்பது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவது, அவ்வளவுதான்.

கோளாறு எங்கே கண்ணில் படுகிறதோ அங்கே அது பிறந்திருப்பதில்லை. எரிபொருள் சோதனையில் தோற்றால் ஹைட்ரோகிராக்கரைத் திட்டுகிறோம். மெழுகு குறைந்தால் கோபால்ட் செத்துவிட்டது என்கிறோம். தேடிப் போனால், வாயு சுத்திகரிப்பில் யாரோ மாற்றிவைத்த ஒரு வால்வில் போய் முடியும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? முதலில் அளவிகள், அடுத்து வாயுவின் சேர்மானம், பிறகு ஓட்டமும் வெப்பமும், கடைசியில்தான் வினையூக்கி என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். செலவும் அதே வரிசையில்தான் ஏறுகிறது.

## எதையும் திறப்பதற்கு முன்

நிக்கல் வினையூக்கி உள்ள ரிஃபார்மரைக் குளிரவைக்கும்போது, வெப்பம் 200 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்பே கார்பன் மோனாக்சைடு முழுவதையும் நைட்ரஜன் விட்டு வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிக்கல் கார்பனைல் உருவாகும். ஆளைக் கொல்லும் விஷம் அது. இதில் "கொஞ்சம்தானே இருக்கும்" என்ற பேச்சே கூடாது.

கந்தகம் பிடித்துப் பழசான இரும்பு ஆக்சைடைக் காற்றில் கொட்டினால் தானாகவே தீப்பிடிக்கும். நனைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். ஆகவே வாடை நின்றுவிட்டது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ வாடையே கிடையாது. சட்டையில் மாட்டும் மீட்டர் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது.

## ரிஃபார்மரில் அழுத்த வீழ்ச்சி ஏறுகிறது

### முதலில்: உண்மையிலேயே ஏறுகிறதா?

ஓட்டம் பத்து சதவீதம் கூடினாலே அழுத்த வீழ்ச்சி, அதாவது நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, ஏறத்தாழ இருபது சதவீதம் கூடும். நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒரே ஓட்டத்தில், ஒரே வெப்பத்தில் ஒப்பிட்டீர்களா? அடுத்து, அழுத்த அளவிக்குப் போகும் மெல்லிய குழாய்களில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று நைட்ரஜன் விட்டு ஊதிப் பாருங்கள். பாதித் தலைவலி இங்கேயே தீர்ந்துவிடும்.

### சில மணி நேரத்தில் ஏறினால்

பெரும்பாலும் கார்பன் படிகிறது. நீராவி போதவில்லை என்று பொருள்.

முதலில் கொதிகலன் தண்ணீர் பம்பையும் நீராவி வால்வையும் பாருங்கள். திரையில் தெரியும் வால்வு நிலையை நம்ப வேண்டாம். நேரில் போய்த் தண்டைப் பார்க்க வேண்டும். நீராவி சரியாகப் போகிறது என்றால், பயோகேஸின் சேர்மானத்தைப் பாருங்கள். சாண எரிவாயுக் கலனில் கொழுப்பு மிகுந்த கழிவைப் போட்ட அன்று மெத்தேன் சதவீதம் ஏறும். நீராவியின் பங்கைத் தானாகச் சரிசெய்யும் ரேஷியோ கண்ட்ரோலர் மொத்த பயோகேஸ் ஓட்டத்தை வைத்து நீராவியைக் கணக்கிடுகிறதா, மெத்தேன் அளவை வைத்துக் கணக்கிடுகிறதா? முதல் வகை என்றால், திரையில் எல்லா எண்ணும் சரியாகவே இருக்கும். உள்ளே மட்டும் கார்பன் படிந்துகொண்டிருக்கும். கலனைப் பார்த்துக்கொள்பவர் வேறு, ரிஃபார்மரைப் பார்த்துக்கொள்பவர் வேறு என்று இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. இன்று என்ன கழிவு போட்டார்கள் என்று போன் செய்து கேட்பதைவிட மலிவான சோதனை எதுவும் இல்லை.

காரணம் பிடிபட்டதும் பயோகேஸைக் குறைத்து நீராவியைக் கூட்டுங்கள். அழுத்த வீழ்ச்சி ஏறுவது நின்று மெல்ல இறங்கத் தொடங்கினால், படிந்த கார்பன் வாயுவாகி வெளியேறுகிறது, பொறுமையாக விட்டுவிடலாம். மெத்தேனை அறவே நிறுத்தி வெறும் நீராவி விடுவதென்றால், நிக்கல் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதை நினைவில் வையுங்கள். கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் விட வேண்டும், அல்லது முடிந்தபின் ஹைட்ரஜனால் அந்த ஆக்சிஜனை நீக்கி மறுபடி ஒடுக்க வேண்டும்.

இறங்கவே இல்லை என்றால் விஷயம் வேறு. இழை இழையாக வளரும் கார்பன் வினையூக்கி மணிகளை உள்ளிருந்தே பிளந்துவிடும். பிளந்த பிறகு கார்பனை முழுக்க எரித்து எடுத்தாலும் தூள் அப்படியே கிடக்கும், அழுத்தமும் அப்படியே நிற்கும். காற்று கலந்து எரிப்பதை முதன்முறை செய்கிறீர்கள் என்றால், வினையூக்கி விற்றவரின் ஆளை அழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அதில் வெப்பம் கைமீறினால் குழாயே போகும்.

### வாரக்கணக்கில் மெல்ல ஏறினால்

வினையூக்கிப் படுகையின் மேற்பரப்பில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கழிவுநீர்ச் சேற்றிலிருந்தோ குப்பைமேட்டிலிருந்தோ வரும் வாயு என்றால் சிலாக்ஸேன் என்ற சிலிக்கன் சேர்மம் இருக்கும். அது வெப்பத்தில் சிலிகாவாகிப் படியும். இதை எரித்தும் எடுக்க முடியாது, நீராவியாலும் போக்க முடியாது. அடுத்த நிறுத்தத்தில் மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதிது போடலாம். கூடவே முன்னால் வாயுவைச் சுத்தம் செய்யும் கரிப் படுகையையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதிய அடுக்குக்கும் இதே கதிதான்.

## ரிஃபார்மர் வெளியேற்றத்தில் மெத்தேன் கூடுகிறது

வெளியேறும் வாயுவின் வெப்பம் குறைந்திருக்கிறதா? மெத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் சேரும் உலர் ரிஃபார்மிங் ஒரு மோல் மெத்தேனுக்கு 247 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும் வினை. 850 டிகிரி என்று காட்டும் தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்கும் உணரி) உண்மையில் 820-இல் இருந்தால் மெத்தேன் தப்பிப்பதில் வியப்பே இல்லை. அதிக வெப்பத்தில் தெர்மோகப்பிள்கள் மெல்ல விலகிப்போவது சகஜம். பக்கத்தில் இருக்கும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெப்பம் சரி என்றால், படுகையின் நெடுக உள்ள வெப்ப அளவுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். நல்ல நிலையில் நுழைவாயிலை ஒட்டியே ஒரு பள்ளம் தெரியும். வினை அங்கே வெப்பத்தைக் குடிக்கிறது, அதனால் குளிர்ச்சி. போன மாதப் பட்டியலோடு ஒப்பிட்டால் அந்தப் பள்ளம் கீழே நகர்ந்திருக்கிறதா? நகர்ந்திருந்தால் மேல் அடுக்கைக் கந்தகம் பிடித்துவிட்டது. வெளியே குழாய்ச் சுவரில் அதே உயரத்தில் சிவந்த பட்டை ஒன்று தெரிந்தாலும் அதே செய்திதான். அங்கே வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

கந்தகம் எங்கிருந்து வந்தது? இதில் மலிவிலிருந்து விலை கூடியதுக்குப் போங்கள்.

கரிப் படுகைக்குப் பின்னால் டிடெக்டர் டியூப் (கந்தகம் பட்டால் நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்) வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் கரி நிறைந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட முன்கூட்டியே நிறைந்துவிட்டது என்றால், வாங்கிய கரியைக் குறை சொல்லும் முன் ஒரு கேள்வி: கலனுக்குள் சிறிதளவு காற்று செலுத்துவதை யாராவது நிறுத்தினார்களா? வேதிப்பொருள் ஊட்டிய கரி ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடிக்கக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும். காற்றோடு வரும் நைட்ரஜனைக் குறைக்கலாம் என்று நல்ல எண்ணத்தில் காற்றை அடைத்துவிட்டால் கரி பாதிக்கூட வேலை செய்யாது. மாறாக, குளிரூட்டி பழுதாகித் தண்ணீர் கரியில் தேங்கினாலும் கதை முடிந்தது. படுகையின் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து பாருங்கள்.

கரி நன்றாக இருக்கிறது, ஆனாலும் கந்தகம் போகிறது என்றால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடாக இல்லாமல் மெர்காப்டான், டைமெத்தில் சல்ஃபைடு போன்ற கரிமக் கந்தகமாக இருக்கலாம். 350 முதல் 400 டிகிரியில் ஓடும் ஜிங்க் ஆக்சைடு படுகை ஹைட்ரஜன் சல்ஃபைடை அருமையாகப் பிடிக்கும். கரிமக் கந்தகத்தை முழுதாகப் பிடிக்காது. முன்னால் கோபால்ட்-மாலிப்டினம் படுகையில் ஹைட்ரஜனோடு சேர்த்து உடைத்து அனுப்ப வேண்டும். அந்தப் படுகை ஆலையில் இல்லையென்றால் வடிவமைத்தவரோடு பேசும் நேரம் வந்துவிட்டது.

ஒன்று கவனியுங்கள். மிகக் குறைந்த அளவுக் கந்தகத்தைச் சாதாரண எஃகுக் குழாய் வழியாக மாதிரி எடுத்தால், குழாயின் சுவரே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆய்வகம் "இல்லை" என்று எழுதித் தரும். உள்பூச்சு உள்ள குழாயோ டெஃப்லான் குழாயோ போட்டு, வாயுவை நெடுநேரம் ஓடவிட்டு, பிறகு மாதிரி எடுங்கள்.

## சின்கேஸ் குளிர்ந்தபின் வடியும் தண்ணீரில் கறுப்புத் தூள்

இதை அலட்சியமாக விடாதீர்கள். ஒரு வெள்ளை வடிதாளில் வடிகட்டி உலர்த்தி, காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்திப் பாருங்கள். தூள் காந்தத்தோடு ஓடினால் அதில் உலோகம் இருக்கிறது. ஆனால் எந்த உலோகம் என்பதைக் காந்தம் சொல்லாது. வினையூக்கியின் நிக்கலும் ஓடும், குழாயின் இரும்பும் ஓடும். ஆய்வகத்துக்கு அனுப்பித் தனிமங்களைக் கேளுங்கள்.

நிக்கலும் அலுமினியமும் வந்தால் வினையூக்கி உதிர்கிறது. மேலே சொன்ன அழுத்த வீழ்ச்சிப் பகுதிக்குத் திரும்புங்கள்.

இரும்பும் குரோமியமும் வந்தால் குழாய் உதிர்கிறது. கார்பன் மோனாக்சைடு செறிந்த வாயு, ஏறத்தாழ 450 முதல் 800 டிகிரிக்குள் இருக்கும் எஃகுச் சுவரைத் தூளாக்கிக் குழி பறிக்கும். ரிஃபார்மரிலிருந்து குளிர்விப்பான் வரை உள்ள குட்டைத் துண்டு, தெர்மோகப்பிள் செருகும் உறை, குளிர்விப்பானின் நுழைவுத் தகடு, இவைதான் முதலில் போகும். வெப்பக் காப்பு பெயர்ந்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று வெப்பக் கேமராவில் பார்க்கலாம். உங்கள் வேலை அதோடு முடிந்தது. குழியின் ஆழத்தை வெளியிலிருந்து ஊகிக்காதீர்கள். ஆலையை நிறுத்தி, அழுத்தக் கலன் பரிசோதகரையும் உலோகவியல் தெரிந்தவரையும் கூப்பிடுங்கள்.

## ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு விகிதம் 2-இல் நிற்கவில்லை

### குறைவாக இருந்தால்

கோபால்டுக்கு 2, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் வேண்டும். 1.4, 1.5 என்று நின்றால் அளவியை அளவீட்டு வாயு விட்டுச் சரிபாருங்கள். பிறகு நீராவி ஓட்டத்தைப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் கோளாறே இல்லை, கணக்குதான் அப்படி. 60-க்கு 40 உள்ள பயோகேஸில் மூன்று பங்கு மெத்தேனுக்கு இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. விகிதம் 2 வர வேண்டுமானால் மூன்றுக்கு ஒன்றுதான் தேவை, மீதி இரண்டு பங்கு நீராவி. கூடுதலாக நிற்கும் கார்பன் டை ஆக்சைடையும் எரிபொருளாக்க ஆசைப்பட்டால் விகிதம் விழத்தான் செய்யும். நீராவியை அள்ளிக் கொட்டி விகிதத்தைத் தூக்கலாம். ஆனால் விழுங்கிய கார்பன் டை ஆக்சைடு ஷிஃப்ட் வினையில் (கார்பன் மோனாக்சைடும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடுமாவது) திரும்பி வந்து நிற்கும். உருப்படியான வழி, மின்பகுப்பில் தயாரித்த ஹைட்ரஜனை வெளியிலிருந்து சேர்ப்பதுதான். அது இல்லாமல் வால்வுகளைத் திருகித் திருகி 2-ஐப் பிடிக்கப் பார்ப்பது வீண் உழைப்பு.

### அதிகமாக இருந்தால்

நீராவி கூடுதல் என்றால் கவலையில்லை, குறைத்துவிடலாம். நீராவி கூடாமலேயே விகிதம் ஏறினால் உஷாராகுங்கள். மெத்தேன் நேராக உடைந்து, கார்பன் உள்ளேயே தங்கி, ஹைட்ரஜன் மட்டும் வெளியே வருகிறது என்று பொருள். உள்ளே போகும் கார்பனையும் வெளியே வரும் கார்பனையும் கணக்குப் போடுங்கள். இடிக்கிறது என்றால் அழுத்த வீழ்ச்சி ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

## ஃபிஷர்-டிராப்ஷ் ரியாக்டரில் வெப்பம் திடீரென எகிறுகிறது

யோசிப்பது அப்புறம். சின்கேஸை நிறுத்துங்கள், நைட்ரஜனைத் திறங்கள், நீராவி டிரம்மின் அழுத்தத்தைக் குறையுங்கள். வெப்பம் ஏறினால் மெத்தேன் அதிகமாக உருவாகும், அது இன்னும் அதிக வெப்பத்தை விடும். சில நிமிடத்தில் கைமீறிப் போகும் சுழல் இது.

அடங்கிய பிறகு காரணம் தேடலாம். முதல் சந்தேகம் நீராவி டிரம். கொதிக்கும் தண்ணீர் சுற்றிவரும் ரியாக்டரில் டிரம்மின் அழுத்தம்தான் வெப்பத்தை முடிவு செய்கிறது. வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 23 பார் என்றால் சுமார் 220 டிகிரி. அந்தப் பகுதியில் ஒரு பார் கூடினால் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறும். ஒட்டிக்கொண்ட அழுத்த வால்வு ஒன்று போதும். அடுத்தது டிரம்மில் நீர்மட்டம். அதற்கடுத்து விகிதம்: ஹைட்ரஜன் சேர்க்கும் வால்வு எகிறியிருந்தால் ரியாக்டரும் எகிறும். மறுசுழற்சிக் கம்ப்ரஸர் நின்றாலும் ஓட்டம் குறைந்து வெப்பம் தேங்கும். புது வினையூக்கி போட்ட முதல் நாட்களில் அவசரப்பட்டுச் சுமை ஏற்றுவதும் ஒரு காரணம்தான். அதை ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

எல்லா தெர்மோகப்பிளும் அமைதியாக இருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் மறுபடி மறுபடி ஏறினால் அந்தக் குழாயில் வினையூக்கி சீராக நிரம்பவில்லை. இது நிரப்பிய நிறுவனத்தின் வேலை. நீங்கள் தட்டிச் சரிசெய்ய முடியாது.

## மெழுகு குறைகிறது, மெத்தேன் கூடுகிறது

### ஒரே நாளில் நடந்தால்

வெப்பத்தையும் விகிதத்தையும் பாருங்கள். இரண்டும் அசையவில்லை என்றால் ரியாக்டருக்கு முன்னால் நஞ்சுகளைப் பிடிக்கும் காவல் படுகையைத் தாண்டிக் கந்தகமோ அம்மோனியாவோ வந்திருக்கிறது. புரதம் மிகுந்த கழிவு கலனில் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும். கோபால்டுக்குப் பில்லியனில் சில பத்துப் பங்கு கந்தகமே அதிகம். டிடெக்டர் டியூப் இங்கே உதவாது, கந்தகத்துக்கென்று தனி டிடெக்டர் உள்ள கேஸ் குரோமடோகிராஃப்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் ரியாக்டரை வாயுவிலிருந்து துண்டித்துவிட்டுச் சோதியுங்கள். கந்தகம் பிடித்த கோபால்ட் திரும்பாது.

### மெல்ல மெல்ல நடந்தால்

மறுசுழற்சி வாயுவில் நைட்ரஜன் எவ்வளவு? பயோகேஸோடு வந்த காற்றின் நைட்ரஜன் எதிலும் வினைபுரியாமல் சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே போகும். சின்கேஸுக்கு இடமில்லாமல் போகும். வெளியேற்றும் அளவைக் கொஞ்சம் கூட்டினால் சின்கேஸ் மெழுகாக மாறும் சதவீதம் பழைய நிலைக்கு வந்துவிடும், செலவும் இல்லை. வராவிட்டால், வினையில் உருவாகும் நீராவியே கோபால்டை மெல்லக் கெடுத்திருக்கலாம். ஒரு சுற்றில் மாற்றும் சதவீதத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். ஹைட்ரஜன் விட்டு மெழுகைக் கழுவிப் புத்துயிர் கொடுப்பது, எரித்து மறுபடி ஒடுக்குவது எல்லாம் வினையூக்கி தந்தவர் எழுதிக் கொடுத்த முறைப்படி மட்டுமே.

## மெழுகுக் குழாய் அடைத்துக்கொண்டது

சூடேற்றும் பட்டை வேலை செய்கிறதா என்று பாருங்கள். வால்வின் உடல், அளவியின் கழுத்து, தாங்கி தொடும் இடம் ஆகிய மூன்று குளிர்ந்த மூலைகளில்தான் உறையும். அடைப்புக்கு இரு பக்கமும் வழி இருக்கிறதா என்று பார்க்காமல் நடுவில் சூடேற்றாதீர்கள். உருகிய மெழுகு விரிந்து குழாயைப் பிளக்கும். திறந்த ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போங்கள்.

## எரிபொருள் சோதனையில் தேறவில்லை

ஃபிஷர்-டிராப்ஷ் வழி எரிபொருளுக்கு ஏஎஸ்டிஎம் டி7566 தரத்தின் முதல் இணைப்பு 2009-இல் வந்தது. உறைநிலை மைனஸ் 40 டிகிரி அல்லது அதற்குக் கீழ், தீப்பற்று நிலை குறைந்தது 38 டிகிரி, 15 டிகிரியில் அடர்த்தி கனமீட்டருக்கு 730 முதல் 770 கிலோ வரை, இறுதிக் கொதிநிலை 300 டிகிரிக்கு மிகாமல்.

அடர்த்தி குறைவு என்று ஆய்வகம் சொன்னால்: எந்தத் தரத்தோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். வழக்கமான ஜெட் எரிபொருளுக்கு 775 முதல் 840. உங்களுடையது அதற்குள் வரவே வராது, வரவும் தேவையில்லை. வழக்கமான எரிபொருளோடு பாதிக்கு மிகாமல் கலந்த பிறகுதான் அந்த எண்.

தீப்பற்று நிலை குறைவு: எளிதில் ஆவியாகும் லேசான பகுதியான நாஃப்தா சேர்ந்து வருகிறது. அதைப் பிரித்தெடுக்கும் ஸ்டிரிப்பர் கோபுரத்தின் அடி வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

உறைநிலை கூடுதல்: மாதிரி பாட்டில் முன்பு மெழுகுக்குப் பயன்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். குளிரவைத்தால் மங்கலாகிறது என்றால் அது தண்ணீரா மெழுகா என்று பிரிக்க வேண்டும். மாதிரியில் கொஞ்சம் நீரற்ற சோடியம் சல்ஃபேட் போட்டுக் குலுக்கி, வடித்து, மறுபடி குளிரவையுங்கள். தெளிவாக நின்றால் தண்ணீர். மறுபடி மங்கினால் மெழுகு. மெழுகு என்றால் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் மேல்வரம்பை இறக்கிப் பாருங்கள், விளைச்சல் குறையும், ஆனால் உடனே தெரிந்துவிடும். அப்படியும் சரியாகாவிட்டால், நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளை எளிதில் உறையாத கிளைச்சங்கிலி ஆக்கும் ஹைட்ரோகிராக்கர் வினை மந்தமாகியிருக்கிறது. ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் அந்த வினையூக்கியின் பிளாட்டினம் படுத்துவிடும், அம்மோனியா வந்தால் அமிலத்தன்மை போய்விடும். ஹைட்ரஜன் சுத்திகரிப்பைச் சோதிக்காமல் படுகையின் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஜெட் பகுதி நாஃப்தாவாக உடைந்து தீரும்.

உங்கள் ஆய்வக எண்கள் ஆலையை ஓட்டுவதற்கு மட்டும். விமானத்துக்குப் போகும் ஒவ்வொரு தொகுதியும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், கலப்பதற்கு முன் ஒருமுறையும் கலந்த பின் ஒருமுறையும் தேற வேண்டும்; கலந்த எரிபொருளில் அரோமேட்டிக் (வளைய வடிவ ஹைட்ரோகார்பன்) குறைந்தது 8 சதவீதம் இருக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும். மாதிரியை அனுப்பும் கலன் ஏஎஸ்டிஎம் டி4306 சொல்லும் வகையாக இருக்கட்டும். நிரப்பும் முன் அதே எரிபொருளால் மூன்று முறை அலசிக் கொட்டிவிடுங்கள்.